13 நாளில் இறங்கி வந்த மைக்ரோசாஃப்ட்

கேள்வி: 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற வீடியோ கேம் கன்சோலுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த கட்டுப்பாடுகளைப் பயனர்கள் கூச்சல் போட்டே திரும்பப் பெறவைத்தார்கள். அதோடு குடும்பத்தில் 10 பேர் வரை கேம்களைப் பகிர்ந்துகொள்ளும் அருமையான வசதியும் போயிற்று. இன்று டிஸ்க் வாங்குவோர் குறைந்து, டவுன்லோடு செய்வதே வழக்கமாகிவிட்டது. காலத்துக்கு முந்தி வந்த நல்ல திட்டத்தை வெறும் ஆத்திரத்தால் கெடுத்துவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தத் திட்டம் என்ன சொன்னது என்பதே இப்போது பலருக்கு மறந்துவிட்டது. குடும்பப் பகிர்வு மட்டும் நினைவில் நிற்கிறது. 2013 ஜூன் 6 அன்று மைக்ரோசாஃப்ட் தானே வெளியிட்ட விதிகளை எடுத்துப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கிலிருந்து கேமைக் கன்சோலில் ஏற்றியதும் அது உங்கள் கணக்கோடு கட்டப்பட்டுவிடும். பிறகு 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கன்சோல் கம்பெனியின் சர்வரைத் தொடர்புகொண்டாக வேண்டும். வேறொருவர் வீட்டுக் கன்சோலில் உங்கள் கணக்கைத் திறந்து விளையாடினால் அந்தக் கெடு ஒரு மணி நேரம். இணைப்பு அறுந்தால் டிவி பார்க்கலாம், ப்ளூரே படம் பார்க்கலாம், கேம் ஓடாது. முடித்த கேமை விற்க வேண்டுமானால் அதை வெளியிட்ட நிறுவனம் அனுமதித்திருக்க வேண்டும், திட்டத்தில் சேர்ந்த கடையில்தான் கொடுக்க வேண்டும். நண்பருக்கு இனாமாகக் கொடுப்பதற்கும் வெளியீட்டாளர் இசைய வேண்டும். அவர் உங்கள் நண்பர் பட்டியலில் 30 நாளாவது இருந்திருக்க வேண்டும். ஒரு கேமை ஒரே ஒரு தடவைதான் அப்படிக் கைமாற்ற முடியும். இரவலும் வாடகையும் தொடக்கத்தில் கிடையாது.

அந்த 24 மணி நேரக் கெடுவுக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. டிஸ்க்கைச் செருகாமலே விளையாடலாம் என்று வசதி செய்து கொடுத்தால், ஒருவர் கேமை ஏற்றிக்கொண்டு டிஸ்க்கை விற்றுவிடலாம். ஒரு பிரதி இரண்டு வீட்டில் ஓடும். அதைத் தடுக்க, கேம் யார் கணக்கில் இருக்கிறது என்று அடிக்கடி சரிபார்த்தாக வேண்டும். தொழில்நுட்பக் கணக்கு சரிதான். ஆனால் யாரோ சிலர் ஏமாற்றக்கூடும் என்பதற்காக, நியாயமாகக் காசு கொடுத்து வாங்கிய எல்லோரையும், நிபந்தனை ஜாமீனில் வந்தவர் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுவதுபோல் தினம் ஒருமுறை ஆஜராகச் சொன்னார்கள். இதை எந்தப் பயனரும் ஏற்றிருக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து பல ஆண்டு கழித்து வரும். சர்வர் எந்நாளும் ஓடாது. கம்பெனிக்கு லாபமில்லை என்றானதும் நிறுத்திவிடுவார்கள். இதற்கு முந்தைய எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலின் ஆன்லைன் கடையை 2024 ஜூலை 29இல் மூடினார்கள். ஆனாலும் அதன் டிஸ்க்கை வைத்திருப்பவர் இன்றும் செருகி விளையாட முடிகிறது, அந்தக் கன்சோல் தினமும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை என்பதால். ஜூன் 6 விதிகள் நிலைத்திருந்தால், எக்ஸ்பாக்ஸ் ஒன் சர்வரை அணைக்கிற நாளுக்கு மறுநாள் அத்தனை டிஸ்க்கும் உயிரற்றுப் போயிருக்கும்.

கூச்சல் என்கிறீர்கள். எதிர்த்தவர்களில் கப்பலிலும் வெளிநாட்டு முகாம்களிலும் மாதக்கணக்கில் இருக்கும் ராணுவத்தினர் இருந்தார்கள். கன்சோல் வெளியாகும் என்று முதற்கட்டமாக அறிவித்த 21 நாடுகளுக்கு வெளியே இருந்தவர்களும் இருந்தார்கள். போலந்தில் உருவாகிக்கொண்டிருந்த ஒரு கேமை மைக்ரோசாஃப்ட் தன் மேடையிலேயே காட்டியது. அந்தப் பட்டியலில் போலந்து இல்லை! இணைப்பு இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டபோது, எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவர் டான் மேட்ரிக் அவர்களுக்காக எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறது என்றார். அது 2005இல் வந்த கன்சோல். அந்தப் பதிலைக் கேட்டவர்களுக்குக் கோபம் வந்ததில் என்ன தவறு?

ஜூன் 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் போட்டி நிறுவனமான சோனியின் ஜாக் டிரெட்டன், தங்கள் புதிய கன்சோலான பிளேஸ்டேஷன் 4இல் ஒருவர் ஆடிவிட்டு விற்ற கேம்களுக்குத் தடை இல்லை, இணைப்பும் கட்டாயமில்லை என்று அறிவித்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது. விலையும் 399 டாலர். எக்ஸ்பாக்ஸ் ஒன் 499. எதிர்ப்போடு போட்டியாளரின் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, ஜூன் 19இல் மேட்ரிக் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார். முதல் தடவை கன்சோலை அமைக்கும்போது மட்டும் இணைப்பு போதும், டிஸ்க்கை விற்கலாம், இரவல் கொடுக்கலாம், எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும் என்றானது. ஜூலை தொடக்கத்தில் அவர் ஸிங்கா என்ற கேம் நிறுவனத்துக்குப் போய்விட்டார்.

இனி நீங்கள் வருந்தும் குடும்பப் பகிர்வு. அதை எடுத்தது எதிர்த்தவர்கள் இல்லை, மைக்ரோசாஃப்ட். டிஸ்க்கில் வாங்கியவருக்குப் பழைய சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு, டவுன்லோடில் வாங்கியவருக்கு, அவர் விரும்பினால், சரிபார்ப்போடு பகிர்வையும் கொடுத்திருக்கலாம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியது கம்பெனியின் முடிவு. எக்ஸ்பாக்ஸ் ஒன் கடைக்கு வந்தபோது, வீட்டுக் கன்சோல் என்று ஒன்றைக் குறித்துவிட்டால் அதில் விளையாடும் எவரும் உங்கள் டவுன்லோடு கேம்களை ஆடலாம் என்ற ஏற்பாடு இருந்தது. 10 பேர் திட்டத்தைவிடச் சிறியதுதான். ஆனால் டிஸ்க் உரிமையைப் பறிக்காமலே பகிர்வுக்கு வழி இருந்தது என்பதற்கு அது போதும்.

உங்கள் கேள்வியில் நான் மறுக்க முடியாத ஒன்று உண்டு. அன்று கிடைத்தது டிஸ்க்குக்கு மட்டும்தான். அதுவும் ஒரு கம்பெனி அறிக்கையாகக் கிடைத்ததே தவிர, சட்டமாகக் கிடைக்கவில்லை. டவுன்லோடில் வாங்கியதை விற்கவோ மகனுக்கு விட்டுப்போகவோ யாரும் உரிமை கேட்கவில்லை. அன்று கைதட்டல் வாங்கிய சோனி, 2021 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3, கையடக்கக் கருவியான வீட்டா ஆகியவற்றின் ஆன்லைன் கடைகளை மூடப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் ஏப்ரலில் பின்வாங்கியது. 2023 டிசம்பரில் பயனர்கள் வாங்கிவைத்த டிஸ்கவரி நிகழ்ச்சிகளை நீக்கப்போவதாக அறிவித்து, அதே மாதம் குறைந்தது 30 மாதம் நீட்டித்தது. வாங்கிய பொருளுக்குத் தவணை!

2014இல் வந்த ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய கேமின் சர்வர்களை அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31இல் நிறுத்தியது. தனியாக ஆடுவதற்கும் அதற்கு சர்வர் வேண்டும். டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அன்றோடு முடிந்தது. 2013இல் எல்லா கேமுக்கும் வரவிருந்த கதி இதுதான்.

இப்போதுதான் சட்டம் மெல்ல அசைகிறது. டிஜிட்டல் பொருளை விற்பவர், கிடைப்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று போடக் கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. இது எச்சரிக்கைப் பலகை மட்டுமே, உரிமை தரவில்லை. ஐரோப்பாவில் ‘தி க்ரூ’ மூடலுக்குப் பின் எழுந்த இயக்கத்தின் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. ஆதரவை நிறுத்தும் கம்பெனி, விற்ற கேமை ஓடும் நிலையில் விட்டுப் போக வேண்டும் என்கிறது அந்த மனு. 2013இல் எதிர்த்தவர்கள் டிஸ்க்குக்காகக் கேட்டதையே இவர்கள் டவுன்லோடுக்கும் சேர்த்துக் கேட்கிறார்கள். நான் இவர்கள் பக்கம்.