காட்டுச்சேவலின் குரல்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இந்த மாதம் எங்கள் பறவை நோக்கும் குழுவில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சிவப்புக் காட்டுக்கோழியைப் பற்றியவை. உலகெங்கும் கூண்டிலும் கொல்லையிலும் வளரும் கோழிகளுக்கெல்லாம் மூதாதையான இந்தப் பறவை சிங்கப்பூரின் சொந்தப் பறவையும்கூட. இணை தேடும் காலத்தில் அதன் நடத்தையைப் பார்ப்பதிலும் குரலைக் கேட்பதிலும் எனக்குச் சலிப்பே வந்ததில்லை. அதனால் சில பதில்கள் நீளமாக இருக்கும்.

அக்கா, எங்கள் புளோக்குக்குக் கீழே திரிபவை காட்டுக்கோழிகளா, யாராவது வளர்த்து விட்டவையா? (ஈசூன்)

முதலில் காலைப் பாருங்கள். காட்டுக்கோழியின் கால் மெலிந்து சாம்பல் நிறமாக இருக்கும். மஞ்சள் காலாக இருந்தால் வீட்டுக்கோழியின் ரத்தம் கலந்திருக்கிறது. அடுத்து, சேவல் திரும்பி நடக்கும்போது வாலின் அடியில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று கவனியுங்கள். வாலைக் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகத் தாழ்த்திப் பிடித்திருக்கும். நாட்டுச்சேவல்போல் நிமிர்த்திக்கொண்டு நடக்காது. காதோரத்து வெள்ளைத் திட்டைப் பலரும் முதல் அடையாளமாகச் சொல்கிறார்கள். சில வீட்டுக்கோழிகளுக்கும் அது உண்டு என்பதால் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டைக்குக் கொண்டை இருப்பதே தெரியாது.

இத்தனையும் பார்த்த பிறகு குரலைக் கேளுங்கள். நாட்டுச்சேவல் கடைசி அசையை இழுத்து இழுத்து முடிக்கும். காட்டுச்சேவலின் கூவலோ கீச்சென்று உயர்ந்து, குட்டையாக, கத்தரித்ததுபோல் முடிந்துவிடும். சில நாள் காது கொடுத்துக் கேட்டால் பறவையைப் பார்க்காமலேயே உங்களால் பிரித்துச் சொல்ல முடியும்.

எப்போது, எங்கே போனால் கூவலை நன்றாகக் கேட்கலாம்? (தெம்பனிஸ்)

இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் உதிக்கிறது. சேவல் அதுவரை காத்திருப்பதில்லை. வெளிச்சம் வருமுன்பே அதன் உடலுக்குள் இருக்கும் கடிகாரம் அதைக் கூவவைக்கிறது; ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அதே குழுவினர் 2015இல் இன்னொன்றையும் கண்டார்கள்: ஒரே இடத்தில் வாழும் சேவல்களில் தரவரிசையில் மேலே இருப்பதுதான் முதலில் கூவுகிறது, மற்றவை வரிசைப்படி பின்தொடர்கின்றன. ஆகவே இருட்டில் உங்கள் காதில் விழும் முதல் கூவல் யாருடையது என்பதற்குப் பொருள் உண்டு. திசையைக் குறித்துக்கொண்டு, அடுத்தடுத்த குரல்கள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். அந்தக் காட்டின் அதிகார வரைபடமே கிடைத்துவிடும்.

இடம் என்றால் என் முதல் தேர்வு எப்போதும் புலாவ் உபின் தீவு. சாங்கி படகுத்துறையிலிருந்து பம்போட் என்னும் சிறு படகில் ஏறலாம். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் புறப்படும். ஆனால் விடிந்த பிறகு போய் இறங்கினால் கூவலின் உச்சம் கைநழுவிவிடும். தீவில் முகாமிடுவதற்கான நடைமுறையைக் கேட்டறிந்து இரவு தங்குவதே சரியான வழி. அது முடியாதவர்களுக்குத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள். அங்கிருப்பவற்றில் கலப்பு உண்டு, ஆனாலும் காதைப் பழக்குவதற்கு நல்ல இடம்.

இணை தேடும்போது சேவல் சரியாக என்ன செய்கிறது? நடனம் என்கிறார்கள், நான் பார்த்ததில்லை. (பீஷான்)

பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். இரண்டு காட்சிகள் உண்டு. ஒன்றில், சேவல் ஒரு பக்கச் சிறகைத் தரையில் உரசும்படி தாழ்த்திக்கொண்டு, பெட்டையைச் சுற்றிக் குறுகிய அடிவைத்துப் பக்கவாட்டில் நகரும். சில நொடிகள்தான்.

மற்றது எனக்கு மிகவும் பிடித்தது. புழுவோ விதையோ கிடைத்தால் சேவல் அதைத் தின்னாது. அலகால் எடுத்துப் போட்டு, மறுபடி எடுத்துப் போட்டு, தலையை மேலும் கீழும் ஆட்டியபடி "டுக்-டுக்-டுக்" என்று அழைக்கும். பெட்டை ஓடி வந்து அதன் அலகினடியிலிருந்தே கொத்தித் தின்னும். சில சேவல்கள் இரையே இல்லாதபோதும் இப்படி அழைப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெட்டைகளும் ஏமாளிகள் அல்ல. வெறும் அழைப்பு விடுக்கும் சேவலை நாளடைவில் பொருட்படுத்துவதில்லை.

தேர்வு பெட்டையின் கையில்தான் இருக்கிறது. பெரிய, செக்கச் செவேலென்ற கொண்டையுள்ள சேவலைப் பெட்டைகள் விரும்புகின்றன என்று 1990களின் தொடக்கத்து ஆய்வுகள் காட்டின. நோயோ குடற்புழுவோ இருந்தால் கொண்டை சுருங்கி வெளுத்துவிடும். அதாவது பெட்டை பார்ப்பது அழகு மட்டும் அல்ல, உடல்நலச் சான்றிதழ். வேண்டாத சேவல் வலிந்து இணைந்தால் அதன் விந்தைப் பெட்டை உடலிலிருந்து வெளியேற்றிவிடுவதும் உண்டு. ஆரவாரமெல்லாம் சேவலுடையது என்பதால் முடிவும் அதனுடையது என்று நினைத்துவிடாதீர்கள்.

போன மாதம் பார்த்த பளபளப்பான சேவல் இப்போது கறுத்துப்போய் இருக்கிறது. நோயா? (பாசிர் ரிஸ்)

நோயாக இருக்க வேண்டியதில்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் காட்டுச்சேவல் கழுத்துப் பொன்னிறகுகளை உதிர்த்துவிட்டுக் கொஞ்ச காலம் மங்கலான கறுப்பு இறகோடு திரியும். கூவலும் குறையும். பெரும்பாலான வீட்டுச்சேவல்களிடம் இது நடப்பதில்லை. ஆகவே நீங்கள் பார்த்தது நல்ல செய்தி: உங்கள் சேவலிடம் காட்டு ரத்தம் வலுவாக இருக்கிறது.

கைப்பேசியில் கூவலை ஒலிக்கவிட்டால் சேவல் வெளியே வருமா? கொஞ்சம் அரிசி தூவலாமா? (செங்காங்)

வரும். ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள், தம்பி. தன் எல்லைக்குள் புதிய எதிரி நுழைந்துவிட்டான் என்று நம்பித்தான் அது ஓடி வருகிறது. அந்த நேரத்தில் பெட்டையையும் இரையையும் விட்டுவிட்டு, இல்லாத ஒருவனோடு சண்டைக்கு நிற்கிறது. ஒரு புகைப்படத்துக்காக அதன் காலைப்பொழுதை நாம் பறிக்கக் கூடாது.

அரிசி தூவுவது சட்டப்படியே குற்றம். 2020 முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி, காட்டு விலங்குகளுக்கு உணவளித்தால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. உணவு கிடைக்கும் இடத்தில் கோழிகள் கூடும், பெருகும், கூவும்; பிறகு புகார் எழும். 2017இல் சின் மிங் அவென்யூ வட்டாரத்தில் திரிந்த 24 கோழிகள், சத்தம் பற்றிய புகார்களைத் தொடர்ந்து அகற்றிக் கொல்லப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். அன்பாகத் தூவுகிற அரிசி கடைசியில் அந்தப் பறவைகளுக்கே வினையாகிறது.

நாட்டுக்கோழியோடு கலந்தால் என்ன கெட்டுப்போகிறது? இரண்டும் ஒரே இனம்தானே? (புக்கிட் பாத்தோக்)

ஒரே இனம்தான், அதனால்தான் ஆபத்து. ஏறத்தாழ நூறாண்டுக்கு முந்தைய அருங்காட்சியக மாதிரிகளோடு இன்றைய பறவைகளை ஒப்பிட்டு, சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டுக்கோழியின் மரபணு காட்டுக்கோழிக்குள் பெருமளவில் புகுந்துகொண்டிருக்கிறது என்பதே அதன் முடிவு. அந்தி சாய்ந்ததும் சிறகடித்து மரக்கிளைக்கு ஏறும் வலிமை, மனிதரைக் கண்டதும் புதருக்குள் மறையும் அச்சம், வெட்டி முடியும் அந்தக் கூவல் எல்லாம் தலைமுறை தலைமுறையாக நீர்த்துப்போகலாம். பறவை கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருக்கும்போதே அதன் காட்டுத்தன்மை அழிவதால், இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. வளர்க்க முடியாமல்போன கோழியைப் பூங்காவில் கொண்டுவந்து விடாதீர்கள்.

ஏப்ரல் இறுதியில் பின்லாந்து போகிறேன். அங்கே காட்டில் ஆண் பறவைகள் கூடிப் பாடுமாமே? (கிளமெண்டி)

கொடுத்துவைத்தவர் நீங்கள். மெட்சோ என்று அவர்கள் அழைக்கும் கேப்பர்கெய்லியைச் சொல்கிறீர்கள். நம் காட்டுக்கோழிக்கு உறவு, ஆனால் ஆண் நாலு கிலோவுக்கு மேலும் போகும். பெட்டை ஏறக்குறைய அதில் பாதி. பழைய பைன் காடுகளில், வழிவழியாக வரும் ஒரே களத்தில், விடியலுக்கு முன் ஆண்கள் கூடும்.

பாட்டு பெரிய உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு மெல்லியது. முதலில் மரக்குச்சிகளைத் தட்டுவதுபோல் ஒலி; அது வேகமெடுக்கும்; பிறகு போத்தல் தக்கை திறப்பதுபோல் ஒரு "டொப்"; முடிவில் கத்தி தீட்டுவதுபோல் ஒரு சரசரப்பு. அந்தக் கடைசிச் சில நொடிகளில் பறவைக்குக் காது கேட்காது. பழைய வேட்டைக்காரர்கள் அந்த இடைவெளியில் மட்டும் காலடி எடுத்துவைத்து நெருங்கினார்கள்.

நீங்கள் அப்படி நெருங்க வேண்டாம். வழிகாட்டியோடு முந்தைய மாலையே மறைகூடாரத்துக்குள் நுழைந்து, இரவைக் கழித்து, பறவைகள் கலைந்த பிறகே வெளியே வாருங்கள். களம் ஒரு காலை குலைந்தாலும் அந்த ஆண்டின் இணைசேர்தலைப் பாதிக்கலாம். ஸ்காட்லாந்தில் இந்தப் பறவை 18ஆம் நூற்றாண்டில் அற்றுப்போய், 1837இல் சுவீடனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. இப்போது மீண்டும் சில நூறாகச் சுருங்கிவிட்டது.

அவ்வளவு தூரம் போக வசதியில்லை. பக்கத்தில் ஏதாவது? (ஜூரோங் வெஸ்ட்)

தாராளமாக இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் தாமான் நெகாராவில் குவாவ் ராஜா என்னும் பெரும் ஆர்கஸ் கோழி வாழ்கிறது. ஆண் காட்டுக்குள் ஒரு திடலைத் தேர்ந்தெடுத்து, இலை சருகு ஒன்று விடாமல் தானே பொறுக்கி அகற்றிச் சுத்தம் செய்து, அங்கே நின்று "கு-வாவ்" என்று கூப்பிடும். வெகுதூரம் கேட்கும். பார்ப்பது அரிது, கேட்பது எளிது. ஊருக்குப் போகிறவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் சாம்பல் காட்டுக்கோழியைத் தேடுங்கள். அதன் கூவல் சிவப்புக் காட்டுக்கோழியின் கூவலிலிருந்து முற்றிலும் வேறுபட்டு, விட்டுவிட்டு வெட்டியதாக இருக்கும்.

உங்கள் குழு பறவை நோக்கப் போகும்போது எட்டு வயது மகளை அழைத்துவரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்? (பொங்கோல்)

கட்டாயம் அழைத்து வாருங்கள். மங்கலான நிறத்தில் முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, தண்ணீர், சிவப்பு ஒளி தரும் சிறு விளக்கு போதும். குஞ்சுகளோடு பெட்டை எதிர்ப்பட்டால் நின்ற இடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தொலைநோக்கி என்னிடம் இரண்டு இருக்கிறது. சிறியதை அவளுக்குத் தருகிறேன்.