காற்று மறைக்கும் வியர்வை: கோடையில் நெடுந்தூரம் பைக் ஓட்டுபவருக்குத் தண்ணீர்க் கணக்கு

கேள்வி: போன மே மாதம் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு பைக்கில் போனேன். காலை 7 மணிக்குக் கிளம்பினேன். பெரம்பலூர் வருவதற்குள் மண்டையைப் பிளக்கும் தலைவலி. திருச்சி தாண்டி நிறுத்தி ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தும் சரியாகவில்லை. இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. இத்தனைக்கும் வழியில் பெரிதாக வியர்க்கவே இல்லை. அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும் என்று வேண்டுமென்றேதான் தண்ணீரைக் குறைத்தேன். வயது 38, சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. அடுத்த முறை என்ன செய்வது?

பதில்: வியர்க்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. வியர்த்திருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, வியர்வை துளியாகத் திரளும் முன்பே அதை உலர்த்திவிடுகிறது. அன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்கும் முன் பார்த்திருந்தால் கழுத்துப் பட்டியிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருக்கும். ஹெல்மெட்டின் தாடைப் பட்டையை இப்போது எடுத்துப் பாருங்கள், அதிலும் இருக்கலாம். கத்திரி வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரைகூட வியர்வையாகப் போகும். ஐந்து மணி நேரத்தில் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சி தாண்டிக் குடித்த அந்த ஒரு லிட்டர் ஏன் உதவவில்லை? உடம்பிலிருந்து போனது தண்ணீர் மட்டும் இல்லை, உப்பும்தான். வெறும் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் தாகம் உடனே அடங்கிவிடும். ஆனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போவதால், குடித்ததில் ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். உப்பே இல்லாமல் பல லிட்டர் குடித்துக்கொண்டே போவது ஆபத்தும்கூட. சோடியம் தாழ்ந்து குமட்டல், குழப்பம், வலிப்பு வரை போகலாம். இரவில் கால் இழுத்ததற்கு உப்பிழப்போடு, நாளெல்லாம் ஒரே நிலையில் உட்கார்ந்து ஓட்டிய களைப்பும் சேர்ந்திருக்கும்.

அதனால் குடிக்கும் முறையை மாற்றுங்கள். கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே இரண்டு டம்ளர் தண்ணீர். அப்புறம் ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் நாலைந்து மடக்கு, அதாவது 150 மில்லி சுமார். பாட்டில் பையில் இருந்தால் இது நடக்காது, நிறுத்தினால்தானே கை போகும்? 2 லிட்டர் பிடிக்கும் முதுகுப் பையும், குழாய் ஹெல்மெட்டுக்குள் வந்து வாயருகே நிற்கிற அமைப்பும் இந்தச் செலவுக்குத் தகும். ஒரே ஒரு எச்சரிக்கை, அதில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். சர்க்கரை சேர்ந்த எதை ஊற்றினாலும் குழாய்க்குள் பூஞ்சை பிடிக்கும், கழுவி மாளாது.

உப்புக்கு ஓ.ஆர்.எஸ். தூளைத் தனி பாட்டிலில் கரைத்து, நிறுத்தும் இடங்களில் குடியுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படியான பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு உரியது. அதை அரை லிட்டரில் கரைக்காதீர்கள். கரைத்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள். கடைகளில் டெட்ரா பேக்கில் அதே பெயரோடு விற்ற இனிப்புப் பானங்கள் வேறு. அந்த அளவுக்குப் பொருந்தாத பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லையே போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக்கடையில் தூளாகவே கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி.

நம் வழியிலேயே நல்லவை கிடைக்கின்றன. எனக்கு முதல் தேர்வு உப்புப் போட்ட நீர்மோர்தான். மதியம் தயிர்சாதமும் ஊறுகாயும் இருந்தால் பிரியாணியைவிட உடம்புக்கு லேசு. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதனால் கூடவே உப்புக்கடலை மாதிரி ஏதாவது கொறியுங்கள். திண்டிவனம் பக்கம் குவித்து வைத்திருக்கும் தர்பூசணியும் நுங்கும் தாராளமாகச் சாப்பிடலாம். டீ, காபி ஒன்றிரண்டால் ஒன்றும் வறண்டுவிட மாட்டீர்கள். முந்தின இரவு மது மட்டும் வேண்டாம்.

வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் காற்றே உங்கள் எதிரி. நம் தோலைவிடச் சூடான காற்று, உடம்பைக் குளிர்விக்காமல் சூட்டை உள்ளே ஏற்றும். அரைக்கை டி-ஷர்ட்டோடு ஓட்டுவது சுகம் என்று தோன்றும், அது தப்பு. முழுக்கைச் சட்டையோ வலை ஜாக்கெட்டோ போட்டு, கழுத்தில் ஈரத்துண்டு சுற்றி, முனைகளை உள்ளே செருகிவிடுங்கள். விழுப்புரம் தாண்டிய வறண்ட வெயிலில் இது அருமையாக வேலை செய்யும், சென்னையின் புழுக்கத்தில் அவ்வளவாக இல்லை. முக்கியமாக, 7 மணிக்குக் கிளம்பாதீர்கள். 4 மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் திருச்சி, அங்கே பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை நிழலில் படுத்து எழலாம்.

ஒதுங்குவது பற்றிய உங்கள் கவலை புரிகிறது. ஆனால் பிரிட்டனில் லஃபரோ பல்கலைக்கழகத்தினர் 2015இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், தண்ணீர் குறைத்துக் குடித்தவர்கள் சிமுலேட்டரில் 2 மணி நேரம் கார் ஓட்டினார்கள். நன்றாகக் குடித்திருந்தபோது 47 ஆக இருந்த தவறுகள் 101 ஆயின. தடம் விலகுவதும் தாமதமாக பிரேக் பிடிப்பதும்தான் அந்தத் தவறுகள். இரண்டு சக்கரத்தில் அதற்கு என்ன விலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எப்படியும் பெட்ரோலுக்கு நிறுத்துவீர்கள், அங்கேயே போய்விட்டு வாருங்கள். சிறுநீர் வெளிர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி, கடுங்காபி மாதிரி இறங்கினால் அன்றைய ஓட்டம் அத்தோடு போதும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நிறத்தை நம்ப முடியாது.

உங்களோடு சர்க்கரை, பிரஷர், இதயம் அல்லது சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர் வந்தால், உப்பு, ஓ.ஆர்.எஸ். அளவை அவர் தன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். நீர் பிரிய மாத்திரை போடுபவர்களும் அப்படியே.

கூட ஓட்டுபவர் பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, உடம்பு தொட்டால் கொதித்தாலோ அது வெறும் தாகம் இல்லை, வெப்பத்தாக்கு. நிழலுக்கு இழுத்து, ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் கழற்றி, இருக்கிற தண்ணீரையெல்லாம் தலையிலிருந்து ஊற்றி விசிறுங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். 108ஐ அழையுங்கள், அவர்கள் வரும்வரை ஊற்றுவதையும் விசிறுவதையும் நிறுத்தாதீர்கள்.