வேறு ஆபரேஷன் நடக்கும்போது சினைப்பையில் கட்டி தெரிந்தால், கணவர் சம்மதித்தால் போதுமா?

உங்கள் அக்காவுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது டாக்டர் வெளியே வந்து, "ஓவரியில் கட்டி இருக்கிறது, எடுத்துவிடவா?" என்று அத்தானிடம் கேட்டிருக்கிறார். அவரும் சரி என்றிருக்கிறார். அது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இப்படித் தெரியவருவது அபூர்வமில்லை. வலது அடிவயிற்று வலிக்கு அப்பெண்டிக்ஸ் என்று நினைத்துக் கேமராவை விட்டால், அப்பெண்டிக்ஸ் நன்றாக இருக்கும். பக்கத்தில் சினைப்பைக் கட்டி வெடித்து ரத்தம் தேங்கியிருக்கும். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வந்தவரின் கருக்குழாயில் காசநோயின் அடையாளம் தெரியும். கர்ப்பப்பை ஒரு பக்கம்தான் வளர்ந்திருக்கிறது என்பது சிலருக்கு சிசேரியன் அன்றுதான் தெரியும். இவர்களில் சிலருக்கு ஒரு சிறுநீரகம் இருக்காது என்பதால் அப்புறம் ஸ்கேன் பார்க்கச் சொல்வார்கள்.

கருக்குழாயில் கரு தங்கி வெடித்திருந்தால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது, உடனே ரத்தத்தை நிறுத்த வேண்டும். சினைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். பார்க்கக் கறுத்திருந்தாலும் முறுக்கை எடுத்துவிட்டால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும், அதனால் காப்பாற்றத்தான் முதலில் பார்ப்பார்கள்.

மற்றதெல்லாம் காத்திருக்கலாம். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி, முடியும் பல்லும்கூட இருக்கும் டெர்மாய்ட் கட்டி, கர்ப்பப்பையில் வளரும் ஃபைப்ராய்டு கட்டி இவையெல்லாம் பெரும்பாலும் அன்றைக்கே உயிரை எடுப்பவை அல்ல. படம் எடுத்து வைத்துவிட்டு, அவர் கண் விழித்ததும் பேசலாம். புற்றுநோய் போலச் சந்தேகம் இருந்தாலோ அவசரப்பட்டுக் கையே வைக்கக் கூடாது. கட்டி உடைந்து சிந்தினால் நோயின் நிலையே மாறிவிடும்.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 44 வயதுப் பெண், திருமணமாகாதவர். வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி, அதுவும் பரிசோதனைக்காகத்தான். மயக்கத்தில் இருந்தபோது அவருடைய அம்மாவிடம் கேட்டுக் கர்ப்பப்பை, கருக்குழாய்கள், இரண்டு சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, கொஞ்ச நேரத்தில் நினைவு திரும்பப்போகிற வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாக அம்மா சம்மதிக்க முடியாது என்றது நீதிமன்றம். 25,000 ரூபாய் இழப்பீடு. இரண்டு சினைப்பையும் போனால் மாதவிடாய் அன்றோடு நின்றுவிடும், எலும்பு தேயும். அதற்கு அந்தத் தொகை மிகக் குறைவு என்பது என் கருத்து. ஆனால் தீர்ப்பு சரியான தீர்ப்பு.

அத்தானைக் குறை சொல்ல மாட்டேன். முகமூடியோடு டாக்டர் வந்து நின்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது, அவசரமாக இருந்தாலொழிய.

இப்போது ஆபரேஷன் குறிப்பு, பயாப்ஸி ரிப்போர்ட் இரண்டையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். கட்டியை மட்டும் எடுத்தார்களா, சினைப்பையையே எடுத்தார்களா என்று அதில் பாருங்கள். ஒரு சினைப்பை நன்றாக இருந்தாலே மாதவிடாயும் வரும், குழந்தையும் பிறக்கும் என்று அக்காவிடம் சொல்லுங்கள். டெர்மாய்ட் என்று வந்திருந்தால் மற்றச் சினைப்பையிலும் வரலாம், அவ்வப்போது ஸ்கேன் பார்க்க வேண்டும். இனி எந்த ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாலும், "உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிர, என்னைக் கேட்காமல் எந்த உறுப்பையும் எடுக்கக் கூடாது" என்று அந்தப் படிவத்திலேயே அவர் கைப்பட எழுதட்டும்.