மாத்திரை போட்டும் வலி நிற்கவில்லை

கேள்வி: எனக்கு 23 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மாதவிலக்கின் முதல் இரண்டு நாள் அடிவயிறும் இடுப்பும் பிய்த்துக்கொள்கின்றன. பாராசிட்டமால் கேட்கவில்லை. மெடிக்கலில் கொடுத்த மெஃபெனமிக் ஆசிட் மாத்திரையும் கேட்பதில்லை. கல்யாணமானால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. வேறு வழி உண்டா?

பதில்: மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று எழுதவில்லையே! வேலை கெடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, சுருண்டு படுத்த பிறகு போடுகிறவர்கள்தான் அதிகம். கருப்பையை இறுக்கி வலியை உண்டாக்குவது புரோஸ்டாகிளாண்டின் என்னும் சுரப்பு. மெஃபெனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன், நாப்ராக்சன் எல்லாம் முக்கியமாக அது சுரப்பதைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன. நிறையச் சுரந்த பிறகு போட்டால் பலன் குறைவு. பாராசிட்டமாலுக்கு இந்த விஷயத்தில் வலு போதாது. அதனால் உதிரம் பட்டதுமே, அல்லது வலி லேசாகத் தலைகாட்டியதுமே, ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஒன்று போடுங்கள். அப்புறம் இரண்டு நாளைக்கு டாக்டர் சொல்லும் இடைவெளியில் தொடருங்கள். கூடவே வெந்நீர்ப் பை ஒத்தடம். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மெஃபெனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன், நாப்ராக்சன் மாத்திரைகளைத் தொடக்கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தாலும் வேண்டாம். மெஃபெனமிக் ஆசிட் போட்டபின் தோலில் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். 2023 கடைசியில், மருந்துகளின் தரத்தை வகுக்கும் அரசு அமைப்பான இந்திய பார்மகோபியா ஆணையமே இதுபற்றி எச்சரித்தது.

மூன்று மாதம் இப்படிப் போட்டும் கேட்காவிட்டால் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று நாலு பேர் கேட்பார்கள், கேட்கட்டும். பத்தில் ஒரு பெண்ணுக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது. கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய் இது. வருடத்துக்கு வருடம் வலி கூடுவது, உதிரம் வருவதற்குச் சில நாள் முன்பே வலிப்பது, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலிப்பது, இவையெல்லாம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது.

டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதலாம். கருத்தடை மாத்திரையா என்று அம்மா பதறுவார். நிறுத்தினால் பிள்ளை பெறும் திறன் திரும்பிவிடும் என்று சொல்லுங்கள். கடும் ஒற்றைத் தலைவலியோ, ரத்தம் உறைந்த வரலாறோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கல்யாண விஷயம்: பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வலி குறைவது உண்மைதான். அதற்காகத் தாலியை மருந்துச் சீட்டில் எந்த டாக்டரும் எழுதுவதில்லை! வலித்த நாள், போட்ட மாத்திரை, லீவு போட்ட நாள், மூன்றையும் காலண்டரில் குறித்து எடுத்துப் போங்கள்.