ஸ்க்ரூ டிரைவரில் கேட்ட 'கிட்'

கேள்வி: எங்கள் ஆலையில் ரியாக்டரின் (ரசாயன வினை நடக்கும் பெரிய கலன்) வெளிச்சுவரில் கட்டைவிரல் அளவு சென்சார்களைப் பொருத்தியிருக்கிறார்கள். சத்தத்தை வைத்தே கோளாறை முன்கூட்டிப் பிடித்துவிடுமாம். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே கேட்காத இடத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா ஐயா?
- ஒரு ஷிப்ட் ஆபரேட்டர், மணலி

பதில்: நடக்கும் தம்பி. மணலியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். அப்போது எங்கள் சென்சார் ஸ்க்ரூ டிரைவர்தான். நுனியை அஜிடேட்டர் (ரியாக்டருக்குள் சரக்கைக் கலக்கும் கருவி) கியர்பாக்ஸில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்போம். நல்ல பேரிங் 'உம்'மென்று ஒரே சீராக ஓடும். கெட ஆரம்பித்தால் நடுவில் 'கிட்... கிட்' என்று வரும். ஒரு மழை இரவில் அந்தக் 'கிட்'டைக் கேட்டுச் சொன்னேன். "காலையில பார்க்கலாம்" என்றார்கள். விடிவதற்குள் அஜிடேட்டர் நின்று, உள்ளே இருந்த சரக்கு முழுக்கக் கட்டிதட்டிப்போனது. சுரண்டி எடுக்க இரண்டு நாள்!

இப்போது உங்கள் சந்தேகம். நம் காதுக்குக் கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரைதான். உலோகத்தில் விரிசல் நீளும்போது கிளம்பும் அலையை 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் பிடிக்கலாம். மோட்டார், பம்ப் இரைச்சல் பெரும்பாலும் அதற்கு வெகு கீழே. கீழே இருப்பதை வடிகட்டிவிட்டால் மிச்சம் துலக்கமாகத் தெரியும். ஒரே சத்தம் மூன்று நான்கு சென்சார்களுக்கு முன்பின்னாக வந்து சேரும் நேரத்தை வைத்து, விரிசல் எந்த இடத்தில் என்றும் கணக்குப் போடலாம்.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஏற்கெனவே தாங்கிய அழுத்தத்தைத் தாண்டும் வரை உலோகம் பெரும்பாலும் வாய் திறக்காது என்று 1950-இல் ஜெர்மனியில் யோசஃப் கைசர் கண்டுசொன்னார். அப்படியானால், வழக்கமான அழுத்தத்திலேயே முனக ஆரம்பித்தால்? உள்ளே ஏதோ புதிதாக நடக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் சென்சாருக்கும் சுவருக்கும் நடுவே கிரீஸ் காய்ந்து காற்று புகுந்துவிட்டால் அது செவிடுதான். மழைத்துளி தகட்டில் அடித்தாலும் சிக்னல் வரும். நம் பக்கத்துக் கடற்காற்றில் கனெக்டர் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அப்புறம், ரியாக்டர் நன்றாக ஓடும் நாளிலேயே அதன் சத்தத்தைப் பதிவுசெய்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவீர்கள்?

சரி, நள்ளிரவில் அலாரம் அடித்தால் ரியாக்டரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்கள் ஷிப்டில் யாருக்கு? அதைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.