மருந்தாளரைக் கேளுங்கள்: பெட்டி எண்ணுகிற வேலைதானா?

ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. மருந்து வினியோகத்தில் நான் வேலை பார்த்ததைப் பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் அதைப் பிடித்துக்கொண்டு வந்தவை. நாலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஒன்று மிக அவசரம், அதனால் அதுதான் முதலில், தலைப்பில் இருக்கிற கேள்வி கடைசியில்.

கேள்வி: எட்டு வருஷமாக அரசாங்க மருத்துவமனையில் எச்.ஐ.வி. மருந்து எடுக்கிறேன். அமெரிக்கா உதவியை நிறுத்தியதால் உலகம் முழுக்க மருந்து தட்டுப்பாடு என்று படித்ததிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு, மிச்சம் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். இது சரிதானா? (பெயர் வேண்டாம், கோலாலம்பூர்)

பதில்: வேண்டாம் தம்பி. இன்றைக்கு ராத்திரியிலிருந்தே பழையபடி தினமும் போடுங்கள், விட்டதைச் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம். உங்கள் மருந்து அமெரிக்கப் பணத்தில் வருவதில்லை, நம் சுகாதார அமைச்சு சொந்த பட்ஜெட்டில் வாங்கிக் கொடுப்பது. 2003 அக்டோபரில் நம் அரசாங்கம் காப்புரிமையைத் தாண்டி, இந்தியாவின் சிப்லா நிறுவனத்திலிருந்து மலிவு மருந்தை இறக்குமதி செய்ய உத்தரவு போட்டது. அதற்கு வெளியிலிருந்து நெருக்கடி கொஞ்சநஞ்சமல்ல. சிகிச்சைச் செலவு சுமார் 80 விழுக்காடு இறங்கியது, 2006லிருந்து முதல் நிலை மருந்து, அதாவது சிகிச்சை தொடங்கும்போது கொடுப்பது, மலேசியர்களுக்கு இலவசம். டொலுடெக்ராவிர் என்ற நல்ல மருந்தை மற்ற கம்பெனிகள் மலிவாகத் தயாரித்து விற்கலாம் என்ற உரிமத்தில் முதலில் நம் நாட்டைச் சேர்க்கவில்லை, 2020 நவம்பரில்தான் சேர்த்தார்கள்.

மிச்சம் பிடித்தால் ஆபத்து எங்கே வருகிறதென்றால், இரத்தத்தில் மருந்து குறைகிற நேரத்தில் கிருமி பெருகுகிறது, அந்த மருந்துக்கு மசியாத கிருமியும் கூடவே உருவாகலாம். அப்புறம் போத்தல் நிறைய இருந்தும் அது உங்களுக்குப் பிரயோசனப்படாது. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், வைரஸ் அளவு எடுத்துப் பார்ப்பார், யாரும் திட்ட மாட்டார்கள். பயத்தில் செய்தது, தப்பு இல்லை.

கேள்வி: அமெரிக்கா கோடி கோடியாகக் கொடுத்தது, மாத்திரையும் மலிவு என்கிறீர்கள். அப்புறம் எப்படி ஆப்பிரிக்காவில் மருந்து தீர்ந்துபோகிறது? நடுவில் திருடுகிறார்களா? (பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்)

பதில்: திருட்டே கிடையாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் நேரில் பார்த்த தட்டுப்பாடுகளில் பாதிக்கு மேல் நாள் கணக்கு தப்பியதால் வந்தவை.

விலை நிஜமாகவே இறங்கிவிட்டது. ஒரு ஆளுக்கு ஒரு வருஷ மருந்து 10,000 டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 2001ல், சிப்லா அதை 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. இன்றைக்கு அதிகம் பேர் எடுக்கிற டி.எல்.டி. (டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில், தினம் ஒன்று) 2023ல் குளோபல் ஃபண்டுக்கு (எச்.ஐ.வி., காசநோய், மலேரியா சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும் உலக நிதி) வருஷத்துக்கு 45 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. பணம் போட 2002ல் குளோபல் ஃபண்ட் வந்தது, 2003ல் பெப்ஃபார் என்ற அமெரிக்க அரசாங்கத்தின் எச்.ஐ.வி. உதவித் திட்டம் வந்தது. எல்லாம் சரி. ஆனால் மாத்திரையை ஆர்டர் கொடுத்த பிறகுதான் தயாரிக்கிறார்கள், தரச் சோதனை, கப்பல், துறைமுகத்தில் சுங்கம், அங்கிருந்து லோரி, எல்லாம் சேர்ந்தால் ஆறேழு மாதம் சாதாரணம். தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற மலாவிக்குக் கடலே கிடையாது, மொசாம்பிக்கிலோ தான்சானியாவிலோ இறக்கி எல்லை தாண்டிக் கொண்டுவர வேண்டும். ஆக இன்றைக்கு ஆர்டர் எழுதுகிறவர், அடுத்த வருஷம் எத்தனை பேர் கிளினிக் வாசலில் நிற்பார்கள் என்று இன்றைக்கே சொல்லியாக வேண்டும். கூடப் போட்டால் காலாவதி, குறைத்துப் போட்டால் வெறும் அலமாரி.

2018 மே மாதம் இந்தக் கணக்கு எப்படிக் கலைந்தது என்று பாருங்கள். நாடுகள் எல்லாம் பழைய எஃபவிரென்ஸ் மருந்தை விட்டுவிட்டு டி.எல்.டி.க்கு மாறத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். போட்ஸ்வானா ஆய்வில், கருத்தரிக்கும்போதே டொலுடெக்ராவிர் எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்குப் பிறந்த 426 குழந்தைகளில் நாலு பேருக்கு முதுகுத்தண்டு, மூளைப் பகுதியில் குறை என்று செய்தி வந்தது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குப் பழைய மருந்தையே கொடுங்கள் என்று பல நாடுகள் நிறுத்திவிட்டன. நியாயம்தான், ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கிற நாட்டில், வேண்டாம் என்று குறைத்த பழைய மருந்தைத் திரும்பத் தேட வேண்டும், வந்து இறங்கிய புது மருந்துக்கு ஆள் குறைவு. பிறகு இன்னும் அதிகப் பிரசவங்களைச் சேர்த்துப் பார்த்ததில் அந்த ஆபத்து மிகச் சிறியது என்று தெரிந்து, 2019 ஜூலையில் எல்லாருக்கும் கொடுக்கலாம் என்றது உலகச் சுகாதார நிறுவனம். திரும்ப முதலிலிருந்து கணக்கு.

2025 ஜனவரியில் நடந்தது இதைவிட மோசம். அமெரிக்கா வெளிநாட்டு உதவியைக் கிட்டத்தட்ட முழுவதும் நிறுத்தி வைத்து, சில நாளில் உயிர்காக்கும் உதவிக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. ஆனால் கிடங்குக்காரர், லோரி, கணக்கு எழுதுகிற பிள்ளைகள் இவர்களுக்கெல்லாம் சம்பளம் எங்கிருந்து வந்துகொண்டிருந்தது? மருந்து கிடங்கில் இருக்கும், அதை எடுத்துப் போக ஆள் இருக்க மாட்டார். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: எங்கள் கோயில் இளைஞர் அணி, வீடுகளில் மிஞ்சிய மருந்துகளைச் சேகரித்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பலாமா? (பட்டர்வொர்த்)

பதில்: மனசு பெரிது, ஆனால் அனுப்ப வேண்டாம். திறந்த போத்தல் எந்த வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது, அங்கே போய்ச் சேரும்போது காலாவதி நெருங்கியிருக்கும், அதை அழிக்கிற செலவு அவர்கள் தலையில் விழும். மிஞ்சியதை அரசாங்க மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: என் மகள் பார்மசி படித்துவிட்டு ஐந்து வருஷம் இங்கே வேலை பார்த்தவள். இப்போது வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்றில், மலாவியில் எச்.ஐ.வி. மருந்து இருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது. பெட்டி எண்ணவா இவ்வளவு படிக்க வைத்தோம் என்று அவள் அப்பா பேசாமல் இருக்கிறார். உண்மையில் என்ன வேலை அது ஐயா? (ஜெலுத்தோங் வாசகி)

பதில்: பெட்டி எண்ணுகிற வேலைதான் அம்மா. தப்பாக எண்ணினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

ஒரு கிளினிக்கில் 300 பேர், ஆளுக்கு மாதம் ஒரு போத்தல் என்று வைத்துக்கொள்வோம். மழையில் ரோடு அடித்துக்கொண்டு போய் லோரி வரவில்லை, 20ஆம் தேதியோடு மருந்து தீர்ந்துவிட்டது, அதுவரை கொடுத்தது 200. அறிக்கையில் "இந்த மாதம் கொடுத்தது 200" என்று எழுதுகிறார்கள். அதில் பொய் இல்லை. தலைநகரில் அந்த எண்ணை வைத்துச் சராசரி போட்டால், இந்த கிளினிக்குக்குத் தேவை குறைந்துவிட்டது என்று வரும், அடுத்த முறை குறைவாக அனுப்புவார்கள், அது இன்னும் சீக்கிரம் தீரும். போன மாதம் மருந்து இல்லை என்பதே இந்த மாதம் மருந்து குறையக் காரணமாகிவிடுகிறது. பத்து நாள் கையில் ஒன்றுமே இல்லை, அந்த நாளைக் கழித்துவிட்டு மருந்து இருந்த இருபது நாளை வைத்துச் சராசரி போடுங்கள் என்று ஒருவர் பிடிவாதமாகத் திருத்தினால்தான் இது நிற்கும்.

நானும் இதை அங்கே போய்த்தான் கற்றேன். ஏரிக்கரைப் பக்கம் ஒரு சின்ன கிளினிக், ஸ்டோர் என்றால் நம் வீட்டு சாமி அறை அளவு. ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் அட்டை தொங்கும், நம் அரசாங்க ஸ்டோரில் காட் பெத்தாக் என்போமே, அதேதான்: வந்தது, போனது, மீதி. மீதியில் பூஜ்யம் போட்டிருந்தது, அதற்கப்புறம் பன்னிரண்டு நாளுக்கு ஒரு வரி கூட இல்லை. ஏன் எழுதவில்லை என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். பொறுப்பில் இருந்த நர்ஸம்மா ஒன்றும் பேசாமல் அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பென்சிலில் ஐந்து ஐந்தாகக் கோடு. எண்ணினேன், 37. மருந்துக்கு வந்து வெறும் கையோடு திரும்பிப் போனவர்கள், ஆளுக்கு ஒரு கோடு. அவர்கள் படிவத்தில் அதை எழுத இடம் இல்லை, அதனால் முதுகில் எழுதி வைத்திருந்தார். அந்த 37ஐச் சேர்த்துத்தான் அடுத்த ஆர்டர் போட்டோம். உங்கள் மகள் எந்த ஸ்டோருக்குள் போனாலும் அட்டையைத் திருப்பிப் பார்க்கட்டும்.

இன்னொன்று, மருந்து கொடுக்கிற ஜன்னல் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரே தடவையாக 90 மாத்திரை போத்தல் கொடுப்பது நல்ல ஏற்பாடு, பஸ் காசு மிச்சம், கிடங்கில் இடமும் மிச்சம். ஆனால் அந்தப் போத்தல் பையில் கிடந்து கிலுகிலுவென்று சத்தம் போடும், சத்தத்தை வைத்தே பக்கத்து வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சில பெண்கள் வாசலிலேயே மாத்திரையைத் துணியில் கொட்டிக்கொண்டு போத்தலை வீசிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஈரம் பட்டால் மருந்து கெடும். சத்தம் வராமல் கொடுக்க ஒரு வழி செய்தால் போத்தலோடு வீட்டுக்குப் போவார்கள். எந்த அறிக்கையிலும் இது வராது, நின்று பார்த்தால்தான் தெரியும்.

அங்கே நவம்பரில் மழை பிடித்தால் ஏப்ரல் வரை சில ரோடுகளை நம்ப முடியாது. தூரத்து கிளினிக்குகளுக்கு வேண்டியதை அக்டோபருக்குள் உள்ளே சேர்த்துவிட வேண்டும். தலைநகரில் யார் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாலும் கேட்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லி அனுப்புங்கள்.