பதிவு பெற்ற பால் ஆடுகள்: கேட்டவையும் சொன்னதும்

கேள்வி: பதிவுச் சான்றிதழ் இருந்தால் ஆடு நிறைய கறக்கும் என்று நம்பி வாங்கலாமா சார்?

பதில்: வாங்காதீர்கள். அப்பன் யார், ஆத்தாள் யார், எப்போது பிறந்தது, காதில் என்ன பச்சை குத்தியிருக்கிறது, இவ்வளவுதான் ஆட்டின் வம்சத்தை ஏட்டில் பதியும் சங்கம் தருகிற சான்றிதழில் இருக்கும். பால் கணக்கு தனி. 1904ல் தொடங்கிய அமெரிக்கப் பால் ஆட்டுச் சங்கத்தில் அதற்கென்று ஒரு திட்டமே இருக்கிறது. ஈன்றதிலிருந்து 305 நாள் வரையிலான கறவையைக் கணக்கில் எடுத்து, இடையிடையே பாலை எடைபோட்டு, கொழுப்பும் புரதமும் பார்த்து எழுதுவார்கள். தாயின் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். கிடா வாங்குவதானால் இன்னும் அழுத்திக் கேளுங்கள். கிடாவைக் கறந்தா பார்க்க முடியும்?

கேள்வி: என் ஆடு அருமையான கறவை. ஆனால் வம்சம் தெரியாது. பதிய வழி உண்டா?

பதில்: பல சங்கங்களில் உண்டு, பொறுமை இருந்தால். அமெரிக்கச் சங்கத்தில் சுத்த இனத்துக்கான ஏடு மூடியது. தாய், தகப்பன் இரண்டும் அதில் இருந்தால்தான் குட்டிக்கு இடம். மற்றவற்றுக்குத் தரம் உயர்த்தும் ஏடு இருக்கிறது. உங்கள் ஆட்டுக்கு ஒரே இனத்தின் சுத்தக் கிடாக்களையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வந்தால் அந்த இனத்தின் ரத்தம் மகளுக்குப் பாதி, பேத்திக்கு முக்கால், கொள்ளுப்பேத்திக்கு எட்டில் ஏழு பங்கு. எட்டில் ஏழு வந்த பெட்டைக்கு 'அமெரிக்கன்' என்ற அடைமொழியோடு இனப்பெயர் கிடைக்கும். கிடாக்குட்டிக்குப் பதினாறில் பதினைந்து பங்கு வேண்டும். ஆனால் எத்தனை தலைமுறை போனாலும் மூடிய ஏட்டுக்குள் நுழைய முடியாது. பக்கத்துக் கொட்டிலில் அழகாக வேறு இனமான நூபியன் கிடா ஒன்று நிற்கிறதே என்று நடுவில் இனம் மாற்றினால் அதுவரை சேர்த்த பங்கெல்லாம் வீண். பெரும்பாலும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். என்னைக் கேட்டால், நல்ல கறவையைக் கையில் வைத்திருப்பவர் பதிவுக்காக ஏங்க வேண்டியதில்லை. குட்டி விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

கேள்வி: தாயும் தகப்பனும் சானென் இனத்து வெள்ளை ஆடுகள். குட்டி கலராக வந்துவிட்டது. கிடா மாறிவிட்டதா?

பதில்: சந்தேகப்பட வேண்டாம். ஆட்டில் வெள்ளை ஓங்கிய நிறம். அதன் அடியில் வேறு நிறம் மறைந்தே வரும். இரண்டு பக்கமும் அது இருந்தால் கலர்க்குட்டி பிறக்கும். சானென் ஏட்டில் வெள்ளையும் இளங்கிரீமும்தான் செல்லும் என்பதால் இதை 'சேபிள்' என்று பதிவார்கள். நிறத்தால் பால் குறையாது.

கேள்வி: ஒரே கொட்டிலில் இரண்டு கிடா. எது சேர்ந்தது என்று தெரியவில்லை. உத்தேசமாக ஒன்றை எழுதலாமா?

பதில்: கூடவே கூடாது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கே தகப்பன் வேறு வேறாக இருக்கலாம். முடி வேரோடு மாதிரி எடுத்து டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புங்கள், ஒவ்வொரு குட்டிக்கும் தனியாக. இனிமேல் கிடா சேர்ந்த நாளை அன்றைக்கே எழுதிவையுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். குட்டி பிறந்த தேதியோடு அது ஒத்துவராவிட்டால் சங்கம் கேள்வி கேட்கும். வெளியார் கிடா என்றால் அதன் உரிமையாளரிடம் சினைக்குச் சேர்த்த சீட்டும் வாங்க வேண்டும்.

கேள்வி: கொம்பு சுடுவதைப் பார்க்கவே முடியவில்லை. கிடாவும் பெட்டையும் மோழையாகவே, அதாவது பிறவியிலேயே கொம்பில்லாததாகவே, வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஒரு பக்கம் மட்டும் மோழை இருக்கட்டும். மோழைக் குணம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த பெட்டைக்குட்டி ஆணும் பெண்ணுமற்றதாய், மலடாய்ப் பிறக்கும்.

கேள்வி: லாமாஞ்சா இன ஆட்டுக்குக் காதே இல்லையே, எங்கே பச்சை குத்துவது?

பதில்: வால் அடியில், மயிர் இல்லாத மடிப்பில். மற்ற இனங்களுக்குப் பொதுவாக வலது காதில் மந்தையின் எழுத்து, இடது காதில் பிறந்த ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் பிறந்த வரிசையும். கருத்த காதானால் பச்சை நிற மை. விற்பதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் வாங்குகிறவர் சான்றிதழை ஏற்க மாட்டார்.